பேச்சிக்கரட்டுப் பனி

வடக்கே எல்லைமலையில் சிவனாண்டியை மூடிய பனி, அவனுடைய சொந்த ஊரான ஈச்சம்பள்ளத்துக்கு வந்து சேர்ந்தது ஒரு புரட்டாசி மாதத்துப் புதன்கிழமை, ஆட்டுப்பட்டிகளைத் திறந்துவிடுகிற நேரத்தில். வந்த பனி ஊருக்குள் நுழையவில்லை, யார் தோட்டத்தையும் மிதிக்கவில்லை. மேற்கே நிற்கிற பேச்சிக்கரட்டின் மேல் மட்டும், உச்சியில் இருக்கிற பேச்சியம்மன் கோவிலில் இருந்து இலவந்தோப்பைத் தாண்டி அடிவாரத்துக் குத்துக்கல் வரைக்கும், வெளுத்த வேட்டியை உதறி விரித்த மாதிரிப் படுத்துக்கொண்டது. மார்கழியில் புல்நுனியில் நின்று வெயிலைக் கண்டதும் ஓடிப்போகிற பனி அல்ல அது. அள்ளினால் பொருபொருவென்று உதிரும், ஊதினால் பறக்கும், காலை வைத்தால் இடுப்புவரை உள்ளே இழுக்கும். தேனிப் பக்கத்து வெயிலுக்கு அது மதியத்துக்குள் உருகியிருக்க வேண்டும், உருகவில்லை, மறுநாளும் இருந்தது, தீபாவளிக்கும் இருந்தது.

ஏன் வந்தது என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. யாருக்காக வந்தது என்றுதான் கேட்டார்கள், அதற்கான பதில் எல்லாருக்கும் முன்பே தெரிந்திருந்தது. சிவனாண்டியின் உடம்பு கிடைக்கவில்லை, தேடித் தேடி விட்டுவிட்டோம் என்று பட்டாளத்தில் இருந்து இரண்டு அதிகாரிகள் வந்து கையைக் கட்டிக்கொண்டு சொல்லிவிட்டுப் போய் மாதங்கள் ஆகியிருந்தன. அவனால் வர முடியவில்லை, அதனால் பனியே அவனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது, இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் வந்து மைக்கை நீட்டினார்கள், அடுத்த வாரம் வேறு ஊரில் வேறு ஏதோ நடந்ததால் அங்கே போய்விட்டார்கள். கல்லூரியில் இருந்து வந்தவர்கள் பிளாஸ்க்கில் அள்ளிக்கொண்டு போய், ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டுவதற்குள் வெறும் தண்ணீராகிவிட்டது என்று போனில் குறைப்பட்டுக்கொண்டார்கள். ஊரை விட்டுப் பிரித்துக்கொண்டு போனால் உருகாமல் என்ன செய்யும் என்று கேட்டுவிட்டு ஊர்க்காரர்கள் போனை வைத்தார்கள்.

பூசாரி பேச்சியம்மனுக்குக் கம்பளி சாத்தினார், தனக்கும் ஒரு குரங்குக் குல்லா வாங்கிக்கொண்டார், அம்மனுக்கு வாங்கியதைவிட அது விலை கூட என்று ஒரு வாரம் பேச்சு அடிபட்டது. வெடித்த உதடுகளுக்குப் போட்டே ஊரில் தேங்காய் எண்ணெய் காலியானது. சர்பத் கடைக்காரர் ஐஸ்பெட்டியைத் தூக்கி வீட்டுக்குப் பின்னால் போட்டுவிட்டு, காலையில் சாக்கோடு கரட்டடிக்குப் போய்வர ஆரம்பித்தார். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா என்பதோடு பனியில் நடக்கத் தெரியுமா என்றும் கேட்டார்கள். இப்படியாக, ஒரு பெரிய குடும்பம் ஒதுங்க வந்த உறவுக்காரரைச் சேர்த்துக்கொள்வது போல, கொஞ்சம் முணுமுணுத்து, கொஞ்சம் இடம் நகர்ந்து, ஈச்சம்பள்ளம் பனியைச் சேர்த்துக்கொண்டது.

சேர்த்துக்கொள்ள முடியாமல் தவித்தவள் சிவனாண்டியின் மனைவி போதுமணி ஒருத்திதான். நான்காவதும் பெண்ணாகப் பிறந்ததால் போதும் சாமி என்று அப்பன் வைத்த பேர். ஆனால் அவளுக்கு வாழ்க்கையில் எதுவும் போதுமான அளவுக்குக் கிடைக்கவில்லை, புருசன் உட்பட. கல்யாணம் முடிந்ததில் இருந்து அவள் அவனோடு வாழ்ந்தது லீவுகளில்தான். அவன் வருவான், வீட்டு ஓட்டை மாற்றுவான், ஆட்டுக்கறி எடுத்து வருவான், அவளுக்கு அவன் வாசனை பழகி, தூக்கத்தில் அவன் பக்கம் புரள்வது பழகி, இனி இப்படியே இருக்கும் என்று உடம்பு நம்ப ஆரம்பிக்கிற போது பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். பனிமலையில் காலில் பலகை கட்டிச் சறுக்கிக் காவல் போகிற படைப்பிரிவில் இருந்தான். பனிச்சரிவு என்றால் என்ன என்று அவள் ஒருமுறை கேட்டதற்கு, முறத்தில் சீனியைப் பரப்பி, அதன் மேல் பச்சரிசி மாவைத் தட்டி, மெள்ளச் சாய்த்துக் காட்டினான். மாவு அப்படியே நின்றது, நின்றது, பிறகு ஒரு இம்மி கூடச் சாய்த்ததும் மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு அவள் மடியில் விழுந்தது. அடியில் இருக்கிற சீனி எதையும் பிடித்துக்கொள்ளாது, மேலே இருக்கிறவனுக்கு அது தெரியாது, அவ்வளவுதான் விசயம் என்றான். சீனி வீணாகிவிட்டதே என்று அவள் சண்டை போட்டாள். அந்தச் சண்டையை நினைத்து நினைத்து அவள் இப்போது அழுதாள்.

உடம்பைப் பார்க்காமல் தாலியைக் கழற்ற மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். அந்த ஒரு விசயத்தில் மட்டும் மாமியார் வெள்ளையம்மாள் மருமகளோடு ஒத்துப்போனாள். மற்றபடி இரண்டு பேருக்கும் பனி வந்ததில் இருந்து ஒரே சண்டை: கரட்டில் எங்கேயோ படுத்திருக்கிற சிவனாண்டியைத் தோண்டி எடுத்தால் முதலில் யார் தொடுவது என்று. பெற்றவள் நான் என்றாள் வெள்ளையம்மாள். போதுமணி விட்டுக்கொடுப்பதாக இல்லை. ஊர் இந்தச் சண்டையில் தலையிடாமல் ஒதுங்கி நின்றது.

கார்த்திகையில் ஒருநாள் வெயில் ஏறிய பிறகு கொடியரசன் என்பவருடைய ஆடுகள் பனியில் ஏறின. கரடு ஒருதரம் வயிற்றுக்குள் உறுமியது. குறுக்கே ஒரு கீறல் ஓடியது. பாதிச் சரிவு அப்படியே கிளம்பி வந்து ஆடுகள் மேல் படுத்துக்கொண்டது. கொடியரசன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பனியைச் சேர்த்துக்கொண்டோம், அதன் குணத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே என்று அன்றைக்குத்தான் ஊருக்கு உறைத்தது.

கேட்டுச் சொல்ல ஆள் தானாகவே வந்தது. கன்னியாகுமரிக் கடற்கரையில் பிறந்து, மீன் பிடிக்கப் போகாமல் பட்டாளத்துக்குப் போய், சிவனாண்டியோடு ஒரே கூடாரத்தில் படுத்துக் கிடந்தவன் வறுவேல். ஓய்வு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவன், சிவனாண்டி அண்ணனை மூடிய பனி அண்ணன் ஊருக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, சறுக்குப் பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்தான். குத்துக்கல் அருகே குனிந்து ஒரு கைப்பிடி அள்ளி மோந்து பார்த்து, அதே பனிதான் என்றான். அப்புறம் ஊர்ச்சாவடியில் படுக்கை போட்டான், பொங்கலுக்குள் ஊரையே பலகையில் ஏற்றிவிட்டான்.

மாட்டுவண்டி செய்கிற சோலைமலை, வறுவேலின் பலகைகளைப் பார்த்து மலைவேம்பில் அதே மாதிரி இழைத்துக் கொடுத்தார். ஏறும்போது பலகை பின்னால் வழுக்காமல் இருக்க அடியில் ரோமப்பட்டை ஒட்ட வேண்டும் என்றதும், கறிக்கடையில் இருந்து ஆட்டுத்தோல் வந்தது. ரோமம் பின்பக்கம் சாய்ந்து இருப்பதால் முன்னே தள்ளினால் போகும், பின்னே வராது. இலவங்காய் பறிக்கப் போகிற பெண்கள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு பட்டைபோட்ட பலகையில் சரக் சரக்கென்று ஏறி, மேலே பட்டையை உரித்து இடுப்பில் செருகிக்கொண்டு, முதுகில் மூட்டையோடு வளைந்து வளைந்து இறங்கி வந்தார்கள். அறுபதைத் தாண்டிய வெள்ளையம்மாளும் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டாள். வேண்டாம் ஆத்தா என்று சொன்னவர்களை ஒரு பார்வை பார்த்தாள், அதற்கப்புறம் யாரும் சொல்லவில்லை.

வறுவேல் கடுமையான ஆள். ஏறுவதற்கு முன்னால் தினமும் சரிவின் ஓரத்தில் குழிதோண்டி, அடுக்குகளைக் கையால் தடவிப் பார்ப்பான். அடியில் சீனி மாதிரி மணிமணியாகக் கிடந்தால் அன்றைக்கு யாரும் ஏறக்கூடாது. ஊரில் காலையில் ஒருவரை ஒருவர் பார்த்தால், சாப்பிட்டாச்சா என்பது போய், சீனி கெடக்கா என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. புதுப்பனி விழுந்த மறுநாள் மலைக்கு விடுமுறை. வெயில் உறைப்பதற்குள் இறங்கிவிட வேண்டும். செங்குத்தான இடத்தை ஒவ்வொருவராகத்தான் கடக்க வேண்டும், கடக்கிற ஒருவரை மற்ற எல்லாரும் பாறைக்குப் பின்னால் நின்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆளுக்கொரு பெட்டி. ஆடுகள் செத்த பிறகு மாவட்டத்தில் இருந்து அனுப்பி வைத்த அந்தச் சின்னப் பெட்டிக்குக் கூவி என்று ஊரார் பேர் வைத்தார்கள். அதை நெஞ்சோடு கட்டிக்கொண்டால் அது காதுக்குக் கேட்காமல் கூவிக்கொண்டே இருக்கும். ஒருவர் பனிக்குள் புதைந்துபோனால் மற்றவர்கள் தங்கள் பெட்டியைக் கேட்கிற பக்கம் திருப்ப வேண்டும். புதைந்தவரின் பெட்டி கூவுவது இதில் கீச் கீச்சென்று கேட்கும், எவ்வளவு தூரம் என்று எண் காட்டும், எண் குறைந்துகொண்டே போகிற திசையில் போய்த் தோண்ட வேண்டும். கால்மணி நேரத்துக்குள் எடுத்தால் பிழைப்பார். அதற்குமேல் ஆனால் பெரும்பாலும் பிழைக்க மாட்டார்.

வறுவேல் முதல்முதலாகப் பெட்டியைக் கேட்கிற பக்கம் திருப்பிக் காட்டியபோது, யாரும் புதையாத பேச்சிக்கரட்டில் அது கீச் என்றது. எல்லாரும் பெட்டியைச் சுற்றி நெருங்கினார்கள். மறுபடி கீச். இலவந்தோப்புக்குத் தெற்கே, உச்சியில் இருந்து இறங்குகிற நரியோடைப் பள்ளத்தில் இருந்து அது வந்தது. சிவனாண்டி புதைந்தபோது அவன் நெஞ்சில் இருந்த பெட்டி. பேட்டரி எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும், அதை வறுவேல் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. போதுமணி அந்தப் பெட்டியை அவன் கையில் இருந்து வாங்கி இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். அவள் புருசன் அவளுக்குத் தவறாமல் பதில் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல்முறை.

அதன்பிறகு ஊர் ஒரு தப்பைச் செய்தது, ஈச்சம்பள்ளத்துக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. பயிர் வைக்கிறவர்கள், பெண் பார்க்கப் போகிறவர்கள், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் எல்லாரும் கரட்டில் ஏறி ஒருமுறை சிவனாண்டியைக் கேட்டுவிட்டுப் போனால் நல்லது என்று ஆகிவிட்டது. கோவில் மணியைக் காதில் வாங்கிக்கொள்வது மாதிரி. ஒருநாள் வறுவேல் குத்துக்கல் அருகே நின்று, ஏறுகிறவர்களின் பெட்டிகள் ஒழுங்காகக் கூவுகின்றனவா என்று ஒவ்வொருவராகச் சோதித்தான். ஒன்றுகூடக் கூவவில்லை. அத்தனை பேரும் சிவனாண்டியைக் கேட்டுக்கொண்டே நடக்கலாம் என்று பெட்டியைக் கேட்கிற பக்கமே திருப்பி வைத்திருந்தார்கள். பத்து நாட்களாக அப்படித்தான் ஏறி இறங்கியிருக்கிறார்கள். அன்றைக்கு வறுவேலுக்கு வந்த கோபத்தை அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்ததில்லை.

“எல்லாரும் கேட்டுக்கிட்டே போனா ஆருதான் கூவுவா? மண்ணுக்குள்ள போன ஒருத்தன் சத்தம் இருக்குண்ணு, உயிரோட இருக்க ஊரே வாயப் பொத்திக்கிட்டா மலையேறும்?”

ஊர் தலைகுனிந்தது. கூடிப் பேசி ஒரு ஏற்பாடு செய்தார்கள்: பனிமேல் எல்லார் பெட்டியும் கூவ வேண்டும், இலவந்தோப்புப் பாறையில் நின்று கேட்கிற உரிமை சிவனாண்டி வீட்டுப் பெண்கள் இரண்டு பேருக்கு மட்டும், அதுவும் மாற்றி மாற்றி. வெள்ளையம்மாள் தன் முறை வரும்போது பெட்டியைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டு, கீரைக் குழம்பு வைத்தது, எருமை சினைப்பட்டது, பல் வலிக்கிறது என்று எல்லாவற்றையும் மகனுக்குச் சொன்னாள். போதுமணி ஒன்றும் பேசமாட்டாள். கண்ணாடிக்குள் ஒளிர்கிற எண்ணையே பார்ப்பாள். பாறையில் இருந்து நரியோடைப் பள்ளம் கூப்பிடு தூரம். லீவு முடிந்து அவன் போன தூரத்தோடு ஒப்பிட்டால் அது ஒரு தூரமே இல்லை. வீட்டில் உலை வைக்கும்போதும், களை எடுக்கும்போதும், யாரோ அவளிடம் பேசும்போதும் அந்த எண் அவள் கண்ணுக்குள் நின்றது. அவனைத் தொட வேண்டும், ஒருதரம், எப்படி இருந்தாலும் சரி. அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஆனால் நரியோடைப் பள்ளத்துக்குள் ஒருவரும் போகக்கூடாது என்று வறுவேல் கோடு போட்டிருந்தான். இரண்டு பக்கமும் செங்குத்து, மேலே காற்று கட்டிவைத்த பனிக்கூரை எந்நேரமும் ஒடிந்து விழுகிற மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது, அடியில் சீனி முழங்கால் ஆழம் கிடந்தது. போதுமணி தினமும் அவனிடம் கேட்டாள், இன்றைக்குப் போகலாமா தம்பி என்று. அவன் தினமும் தோண்டிப் பார்த்துவிட்டு, இன்றைக்கு இல்லை மைனி என்றான். தை போனது. மாசி பாதி போனபோது அவள், நீ வராவிட்டால் நான் தனியாகப் போகிறேன் என்று பலகையைக் கட்ட உட்கார்ந்துவிட்டாள்.

வறுவேல் அவள் எதிரில் பனியிலேயே குத்தவைத்தான். “மைனி, அண்ணன் உள்ள போனது புதைஞ்சி கெடந்த இன்னொருத்தன எடுக்கதுக்கு. அவன் உயிரோட இருந்தான், அண்ணன் எடுத்தாரு, எடுத்து வெளிய தள்ளிட்டுத்தான் ரெண்டாவது சரிவுல போனாரு. பொணத்த எடுக்கதுக்கு உயிருள்ள ஆளு போவப்பிடாது. இது நான் சொல்லியதில்ல, அவரு எனக்குச் சொல்லித் தந்தது.”

அவன் பிணம் என்று சொன்னதற்காகப் போதுமணி அவனோடு பேசுவதை நிறுத்தினாள். ஆனால் பலகையைக் கழற்றிவிட்டாள். வறுவேலும் சமாதானத்துக்கு வரவில்லை, தினமும் விடிந்ததும் போய்த் தோண்டிப் பார்த்து, வாசலில் நின்று, இன்றைக்கு இல்லை என்று சுவருக்குச் சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போவான்.

பங்குனியில், ஊரில் வேர்த்து ஊற்றுகிற நேரத்தில், கரட்டின் மேல் மட்டும் ஒரு கடுங்குளிர் இறங்கி ஒரு வாரம் நின்றது. தொங்கிக்கொண்டிருந்த பனிக்கூரை ஒரு விடியலில் தானே ஒடிந்து விழுந்து பள்ளத்தைத் துடைத்துவிட்டுப் போனது. வறுவேல் தோண்டிப் பார்த்தான், மறுபடி தோண்டினான், மண்வெட்டியை மேலே வைத்துக் கையால் ஓங்கித் தட்டினான். அடுக்குகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு கல்லாக இருந்தன. வாசலுக்கு வந்து, இன்றைக்குப் போகலாம் மைனி என்றான். அவள் கையில் இருந்த கரண்டியை எங்கே வைத்தாள் என்று பிற்பாடு அவளுக்கு ஞாபகம் வரவே இல்லை.

வெயில் வருவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. வறுவேல் உச்சி முகட்டில் நின்று சரிவைப் பார்த்துக்கொள்வான். சோலைமலை பள்ளத்தின் வாயில் மண்வெட்டியோடு காத்திருப்பார். போதுமணி மட்டும் உள்ளே போய் இடத்தைக் கண்டுபிடித்துக் கூப்பிடுவாள். ஓர் ஆள்தான் உள்ளே, அதற்கு மேல் கிடையாது. வெள்ளையம்மாள் குத்துக்கல் அருகிலேயே நிற்க வேண்டும், ஆளைக் கண்டதும் கூட்டிக்கொண்டு போகிறோம் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி நிறுத்தினார்கள். அவளும் சரி என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் சரி என்றபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

போதுமணி பெட்டியைக் கேட்கிற பக்கம் திருப்பிக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளத்துக்குள் போனாள். எண் குறைந்தது. இத்தனை நாள் பாறையில் இருந்து பார்த்துப் பார்த்து அவளுக்குள் ஆணி அடித்து நின்றுபோன எண், அவள் ஒவ்வொரு எட்டு வைக்கும்போதும் கழன்று கழன்று விழுந்தது. சத்தம் நெருங்கிக் கேட்டது, அவசரப்பட்டது, பஸ்ஸில் இருந்து இறங்குவதற்கு முன்பே ஜன்னலில் தலையை நீட்டிக் கைகாட்டுவானே அந்த மாதிரி. அவள் மண்டியிட்டாள். பெட்டியைப் பனியோடு ஒட்டிவைத்துக் குறுக்கும் நெடுக்கும் நகர்த்தி, எண் இதற்குமேல் குறையாது என்கிற இடத்தில், புதைந்தவரைத் தட்டிப் பார்க்கத் தோளில் கொண்டுவந்த நீளக்கம்பியைச் செருகினாள். பாறையில் பட்டால் கம்பி டங்கென்று நிற்கும், மண்ணில் பட்டால் மொத்தென்று நிற்கும், மனிதர் மேல் பட்டால் மட்டும் லேசாகத் திருப்பி உந்தும் என்று சொல்லியிருந்தான் வறுவேல். கம்பி உள்ளே போனது, போனது, நின்றது. லேசாக உந்தியது. அவள் கம்பியை விடவில்லை. அதன் மறுமுனையில் அவன் இருந்தான். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நெற்றியை அதில் சாய்த்துக்கொண்டாள்.

அப்போதுதான் முகட்டில் வறுவேலின் விசில் கேட்டது. விட்டு விட்டு ஊதாமல், இழுத்து, நிறுத்தாமல்.

வெள்ளையம்மாள் குத்துக்கல்லில் நிற்கவில்லை. இவர்கள் கண்ணில் படாமல் இருக்க நேர்வழியை விட்டு, காலை வெயில் முதலில் விழுகிற கிழக்குச் சரிவைச் சுற்றிக்கொண்டு ஏறி வந்திருக்கிறாள், மகனை முதலில் தொடுவதற்கு. பள்ளத்தின் ஓரத்துக்கு அவள் வந்து சேர்ந்தபோது வெயிலும் வந்து சேர்ந்தது. கரடு வயிற்றுக்குள் உறுமியது. போதுமணி நிமிர்ந்து பார்த்தபோது எதிர்ச்சரிவு முழுக்க நகர்ந்துகொண்டிருந்தது; அதன் நடுவில் கண்டாங்கிச் சேலையின் சிவப்பு ஒருமுறை தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை. பனி புகைந்து அடங்கியது. வறுவேல் எட்டாத உயரத்தில் இருந்தான். சோலைமலை கீழே வெகு தொலைவில் இருந்தார். பக்கத்தில் இருந்தவள் அவள் ஒருத்திதான்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு சரிவு விழுந்த பக்கம் ஓடினாள். பெட்டி திரும்பத் திரும்பப் பின்னால் இழுத்தது. இரண்டு கூவல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பின. எது நெருக்கமோ அதைத்தான் அது காட்டும், நெருக்கமாக இருந்தவன் அவன். எண் ஏறியது, திரும்பிப் போ என்றது. அந்தப் பெட்டியில் ஓரமாக ஒரு பொத்தான் உண்டு. ஒருவரைக் கண்டுபிடித்தாயிற்று, இனி அவர் சத்தம் வேண்டாம், அடுத்தவரைக் கேட்க வேண்டும் என்றால் அதை அழுத்த வேண்டும். அதற்கு ஒதுக்கி என்று ஊரில் பேர், இதுவரை யாரும் அழுத்தியதில்லை. அழுத்த வேண்டுமானால் அவனிடம் திரும்பிப் போய், அவன் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்கிற இடத்தில் நின்றுதான் அழுத்த வேண்டும்.

அவள் திரும்பி ஓடிவந்தாள். கம்பி நின்றுகொண்டிருந்தது. கீச் கீச்சென்று அவன் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கட்டைவிரலைப் பொத்தான் மேல் வைத்தாள், விரல் அழுந்தவில்லை, குளிரில் மரத்துவிட்டதா அல்லது அவளே அழுத்தவில்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. கம்பி கையில் தட்டுப்படுகிற தூரத்தில் இருந்தது. இவ்வளவு காத்திருந்து, இவ்வளவு கிட்டத்தில். அந்தக் கிழவி சொன்ன பேச்சைக் கேட்டு நின்றிருந்தால் என்ன என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது, பொங்கிய ஆத்திரத்திலேயே கண்ணை மூடி அழுத்தினாள்.

சத்தம் நின்றுபோனது. அதிகாரிகள் வந்து சொன்ன நாளில் அல்ல, அந்தக் கணத்தில்தான் போதுமணி விதவையானாள். அதற்கு அழ நேரமில்லை. அவன் சத்தத்துக்கு அடியில் இத்தனை நேரம் மூடிக்கிடந்த இன்னொரு கூவல், மெலிந்து, தூரத்தில், கீச் என்றது. அதைப் பிடித்துக்கொண்டு அவள் ஓடினாள்.

கம்பி அங்கேயே நின்றுவிட்டது, அதனால் பலகையின் நுனியாலும் கையாலும் தோண்டினாள். நகம் பிய்ந்தது. விழுந்து இறுகிய பனி சிமெண்டு மாதிரி இருந்தது. சோலைமலை மூச்சு வாங்க வந்து சேர்ந்து மண்வெட்டியைப் போட்டார். முதலில் முந்தானை வந்தது, பிறகு நரைத்த கொண்டை, பிறகு முகம், நீலம் பாரித்து. போதுமணி அவள் வாய்க்குள் விரலைவிட்டுப் பனியை வழித்து எறிந்தாள். மார்பைத் தட்டினாள், கன்னத்தில் அறைந்தாள், அவள் நாளெல்லாம் அறைய நினைத்த கன்னம்தான். வெள்ளையம்மாள் ஒருமுறை இருமினாள். கண்ணைத் திறந்து மருமகளைப் பார்த்து, அவள் கேட்ட முதல் கேள்வி மகனைப் பற்றித்தான்.

“கெடச்சுட்டானா?”

“கெடச்சாரு.”

“அவன விட்டுப்புட்டு என்னையவா தோண்டுன?”

போதுமணிக்கு வாய் கோணியது. மாமியாரின் தலையைத் தன் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். “அவரு மூச்சு விடலத்தே. நீங்கதான் விட்டீங்க.”

வீட்டுக்குள் இத்தனை மாதமாக யாரும் வாய்திறந்து சொல்லாத வார்த்தை அது. வெள்ளையம்மாள் மருமகளின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, அடிபட்ட எருமை கத்துகிற மாதிரிக் கத்தி அழுதாள், போதுமணியும் அவள் மேல் கவிழ்ந்து அழுதாள். முகட்டில் இருந்து சறுக்கி வந்த வறுவேல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தள்ளி நின்றான்.

பிறகு அவர்கள் கம்பி நின்ற இடத்துக்குப் போனார்கள். போதுமணி பெட்டியை அணைத்து மறுபடி போட்டாள். அப்படிச் செய்தால் ஒதுக்கியவரின் சத்தம் திரும்ப வரும். வரவில்லை. பேட்டரி தீர்ந்திருக்கும் மைனி என்றான் வறுவேல், தரையைப் பார்த்தபடி. அங்கேயே தோண்டினார்கள், மண் தெரிகிறவரை தோண்டினார்கள். மண்ணும் இலவ விதைகளும் இருந்தன, வேறு எதுவும் இல்லை. வெயில் உறைத்தது. முதல்முறையாகப் பேச்சிக்கரட்டில் சொட்டுச் சொட்டென்று தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

சித்திரை பிறப்பதற்குள் பனி உச்சிக்கு ஏறிவிட்டது, பூசாரி கம்பளியை மடித்து வைத்தார், வறுவேல் ஊருக்குச் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினான். உருகியதெல்லாம் நரியோடை வழியாக இறங்கி, வருடக்கணக்கில் வறண்டு கிடந்த கண்மாய்க்கு வந்து நிறைந்தது. கீழே வயல்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன, நாற்று வாடிக்கொண்டிருந்தது, ஆனால் மடையைத் திறக்க யாருக்கும் கை வரவில்லை. மண்வெட்டியோடு வந்தவர்கள் கரையில் நின்றார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். அந்தத் தண்ணீரில் கால் வைக்கலாமா, மாட்டைக் குளிப்பாட்டலாமா, குடிக்கலாமா என்று யாரை யார் கேட்பது என்று தெரியாமல் ஆளனுப்பிச் சிவனாண்டி வீட்டுப் பெண்களை வரவழைத்தார்கள்.

இருவரும் கைகோத்துக்கொண்டு வந்தார்கள். வெள்ளையம்மாள் தண்ணீர் விளிம்புவரை வந்து, குனிந்து, கையை நீட்டி, தொடுவதற்கு முன்னால் இழுத்துக்கொண்டாள்.

“நீ எறங்கு தாயி,” என்றாள். “நீ மொதல்ல எறங்கு.”

போதுமணி இறங்கினாள். தண்ணீர் கணுக்காலைக் கடித்தது, முழங்காலைக் கடித்தது, அவள் நிற்காமல் நடந்து கழுத்தளவு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். குளிர் அவளைச் சுற்றி வளைத்து, சேலைக்குள் புகுந்து, ஒரு இடம் விடாமல் பிடித்துக்கொண்டது. கரையில் இருந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆண்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வெடித்த வயல்களைப் பார்த்தபடி நின்றார்கள், வெயில் தலைக்கு மேலே ஏறிய பிறகும் ஒருவரும் அவளைக் கூப்பிடவில்லை. அவளாகக் கரையேறிய பிறகுதான் மடையைத் திறந்துவிட்டார்கள்.